ஒரு பேரிங் பல வண்டிக்கு, ஒரு வண்டிக்குப் பல பேரிங்: ஆக்சஸில் மெனி-டு-மெனி

டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஸ்டாக் ஃபைல் போட உட்காருகிறவர்கள் எல்லோரும் சீக்கிரமே ஒரு இடத்தில் நின்றுவிடுவார்கள். பார்ட் டேபிள் தயார். பார்ட் நம்பர், பெயர், எம்.ஆர்.பி., ரேக், கையிருப்பு எல்லாம் வந்துவிட்டது. அடுத்து "எந்த வண்டிக்கு?" என்று ஒரு ஃபீல்டு (ஒரு தகவலுக்கான கட்டம்) வேண்டும், அங்கேதான் கை நிற்கும். 6301 பேரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் 12 மி.மீ., வெளிவிட்டம் 37, அகலம் 12. எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான், அதனால் ஒரே பேரிங் பல மாடல்களுக்குப் பொருந்தும். வண்டியின் பக்கமிருந்து பார்த்தால், ஒரு வண்டிக்கு பேரிங், பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், செயின் செட் என்று நூற்றுக்கணக்கில் பார்ட்டுகள். இரண்டு பக்கமும் பல. இதற்குத்தான் மெனி-டு-மெனி என்று பெயர்.

கீழே வரும் மாடல் பெயர்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். இதைப் படித்துவிட்டு எந்த பேரிங் எந்த வண்டிக்கு என்று முடிவு செய்து வாங்கிவிடாதீர்கள்.

முதலில் எல்லோரும் செய்யும் நான்கு விஷயங்கள், ஏன் கூடாது என்பதோடு.

ஒன்று, ஒரே ஃபீல்டில் கமா போட்டு "ஸ்ப்ளெண்டர், பல்சர் 150, எக்ஸ்எல் 100" என்று எழுதுவது. எழுதும்போது சுகம், தேடும்போது நரகம். "பல்சர்" என்று தேடினால் எல்லா பல்சரும் வந்து நிற்கும், ஒருவர் "பல்ஸர்" என்று எழுதியிருந்தால் அது வராது, எந்த மாடலுக்கு எத்தனை பார்ட் வைத்திருக்கிறோம் என்று எண்ணவே முடியாது. இரண்டு, மாடல்1, மாடல்2, மாடல்3 என்று ஐந்து ஃபீல்டு போடுவது. ஆறாவது மாடல் கண்டிப்பாக வரும், வந்ததும் டேபிள், ஃபார்ம், ரிப்போர்ட் மூன்றையும் திறந்து திருத்த வேண்டும், ஒரு மாடலைத் தேட ஐந்து இடத்தில் பார்க்க வேண்டும். மூன்று, ஒவ்வொரு மாடலுக்கும் பார்ட்டையே திரும்ப ஒரு வரியாக எழுதுவது. இதுதான் நான்கிலும் ஆபத்தானது. ரேக்கில் இருப்பது ஒரே டப்பா பேரிங், ஆனால் ஃபைலில் அது ஐந்து வரி, ஐந்திலும் தனித்தனிக் கையிருப்பு. ஒன்றில் விற்றதைக் கழித்தால் மற்ற நான்கிலும் பழைய எண் அப்படியே இருக்கும்.

நான்காவது கொஞ்சம் நயமான பொறி. ஆக்சஸ் 2007இல் புது ஃபைல் வடிவத்தோடு மல்டி-வேல்யூட் ஃபீல்டு என்று ஒன்று வந்தது. ஒரே ஃபீல்டில் டிக் பாக்ஸ் பட்டியல் விரியும், வேண்டிய மாடல்களை டிக் செய்தால் போதும். பார்க்க அழகாக இருக்கும். உள்ளுக்குள் ஆக்சஸே ஒரு மறைவான டேபிளை வைத்துத்தான் இதைச் செய்கிறது, ஆனால் அந்த டேபிளை நம்மால் திறக்கவோ அதில் ஒரு ஃபீல்டு சேர்க்கவோ முடியாது. "ஸ்ப்ளெண்டருக்கு, முன் சக்கரத்துக்கு, இரண்டு வேண்டும்" என்ற தகவலில் ஸ்ப்ளெண்டரை மட்டும்தான் வைக்க முடியும்; முன் சக்கரமும் இரண்டும் எங்கே போகும்? நாளைக்கு டேட்டாவை எஸ்க்யூஎல் சர்வர் என்ற பெரிய டேட்டாபேஸுக்குக் கொண்டுபோக நினைத்தாலும் அங்கே இப்படி ஒரு ஃபீல்டே கிடையாது. என் யோசனை, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மூன்றாவது டேபிள்

சரி, வழி என்ன? பார்ட் ஒரு டேபிள், மாடல் ஒரு டேபிள், இரண்டுக்கும் நடுவில் "பொருத்தம்" என்று மூன்றாவது டேபிள். ஜங்ஷன் டேபிள் என்பார்கள். ஒரு பார்ட் ஒரு மாடலுக்குப் பொருந்தினால் அங்கே ஒரு வரி, ஐந்து மாடலுக்குப் பொருந்தினால் ஐந்து வரி. பார்ட் டேபிளில் மாடல் பற்றி ஒரு சொல்லும் இருக்காது, மாடல் டேபிளில் பார்ட் பற்றி ஒரு சொல்லும் இருக்காது.

பலர் இதை வெறும் இணைப்புக் கயிறு என்று நினைத்து பார்ட், மாடல் இரண்டின் ஐடி (அடையாள எண்) மட்டும் போட்டு விட்டுவிடுவார்கள். ஆனால் உண்மையில் கடை ஓடுவதே இந்த டேபிளை வைத்துத்தான். எந்த இடத்தில் மாட்டுவது (முன் சக்கரம், பின் சக்கரம்), ஒரு வண்டிக்கு எத்தனை வேண்டும், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை பொருந்தும், "வாஷர் சேர்த்துப் போட வேண்டும்" மாதிரி ஒரு குறிப்பு, இவையெல்லாம் பார்ட்டுக்கும் சொந்தமில்லை, மாடலுக்கும் சொந்தமில்லை. அந்த ஜோடிக்குச் சொந்தம். ஒரு ஃபீல்டு எந்த டேபிளில் வர வேண்டும் என்று குழம்பினால் "இந்தப் பதிலைச் சொல்ல எதெது தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். எம்.ஆர்.பி. சொல்ல பார்ட் மட்டும் தெரிந்தால் போதும், அதனால் பார்ட் டேபிள். எத்தனை வேண்டும் என்று சொல்ல பார்ட்டும் தெரிய வேண்டும், வண்டியும் தெரிய வேண்டும். அப்படியென்றால் பொருத்தம்.

இப்போது டிசைன் வியூவில் (அமைப்பைத் திருத்தும் திரை) போய் டேபிள்களைக் கட்டுவோம். அதற்கு முன் ஒரு எச்சரிக்கை, தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும். ஆக்சஸ் டேபிளுக்கும் ஃபீல்டுக்கும் தமிழில் பெயர் வைக்க விடும், டேட்டாவும் தமிழில் இருக்கலாம், எந்தப் பிரச்சினையும் இல்லை. ஆனால் விபிஏ (ஆக்சஸுக்குள் நிரல் எழுதும் மொழி) எடிட்டருக்கு யூனிகோடு தெரியாது, தமிழ் எழுத்தெல்லாம் அங்கே கேள்விக்குறிகளாக மாறிவிடும். இன்று விபிஏ வேண்டாம் என்று தோன்றும், ஆறு மாதம் கழித்து வேண்டியிருக்கும். அதனால் டேபிள், ஃபீல்டு பெயர்களை இடைவெளி இல்லாமல் ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, ஒவ்வொரு ஃபீல்டின் 'கேப்ஷன்' ப்ராப்பர்ட்டியில் தமிழை எழுதுங்கள். திரையில் தமிழ்தான் தெரியும். இந்தக் கட்டுரையில் மட்டும் வசதிக்காகத் தமிழ்ப் பெயர்களாலேயே சொல்லிக்கொண்டு போகிறேன்.

பார்ட் டேபிளில் பார்ட்ஐடி (ஆட்டோநம்பர், அதாவது ஆக்சஸே தானாகப் போடும் எண்; பிரைமரி கீ, அதாவது ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் ஃபீல்டு), பார்ட் நம்பர், பெயர், எம்.ஆர்.பி., ரேக், கையிருப்பு. மாடல் டேபிளில் மாடல்ஐடி (ஆட்டோநம்பர், பிரைமரி கீ), கம்பெனி, மாடல் பெயர். பொருத்தம் டேபிளில் பார்ட்ஐடி, மாடல்ஐடி, இடம், எண்ணிக்கை, வருடம் முதல், வருடம் வரை, குறிப்பு. பொருத்தத்தில் வரும் இரண்டு ஐடியும் ஆட்டோநம்பர் கிடையாது, சாதாரண 'நம்பர்', அதில் 'ஃபீல்டு சைஸ்' கட்டாயம் 'லாங் இன்டீஜர்'. ஆட்டோநம்பர் உள்ளே லாங் இன்டீஜராகத்தான் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒத்துப்போகாவிட்டால் அடுத்த கட்டத்தில் ஆக்சஸ் முரண்டு பிடிக்கும். 'டிஃபால்ட் வேல்யூ'வில் 0 தானாக உட்கார்ந்திருந்தால் அழித்துவிடுங்கள். அது இருந்தால், மாடலைத் தேர்ந்தெடுக்க மறந்த வரியில் 0 போய் விழும், 0 என்ற ஐடியில் மாடலே இல்லை என்று புரியாத ஒரு பிழைச் செய்தி வரும்.

வண்டி மாடலை எவ்வளவு நுணுக்கமாகப் பிரிப்பது என்பதும் இங்கேயே முடிவு செய்ய வேண்டியது. 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் பிஎஸ்6 என்ற வாகனப் புகை விதி கட்டாயமானது, அதையொட்டிப் பல வண்டிகள் கார்புரேட்டரை விட்டு ஃபியூவல் இன்ஜெக்ஷனுக்கு மாறின. பெயர் அதே பெயர், ஆனால் கார்புரேட்டர் கிட் இனி அதற்குத் தேவையே இல்லை. இம்மாதிரிப் பெரிய மாற்றத்துக்கு மாடல் டேபிளிலேயே "பிஎஸ்4", "பிஎஸ்6" என்று இரண்டு வரியாகப் போடுவதே நல்லது, கவுண்டரில் நிற்கிற மெக்கானிக்கும் அப்படித்தான் கேட்பார். இடையில் ஒரு கேபிளின் நீளம் மாறியது, ஒரு ஸ்விட்சின் பின் (pin) மாறியது போன்ற சில்லறை மாற்றங்களுக்கு மட்டும் பொருத்தம் டேபிளில் உள்ள வருடங்களை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் வருடத்தில் அடக்கப் பார்த்தால் ஒவ்வொரு தேடலிலும் வருடக் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

கீ எது?

இந்த ஒரு கேள்வியில் அவசரப்படக் கூடாது. வழக்கமாகச் சொல்லித்தருவது, ஜங்ஷன் டேபிளில் இரண்டு ஐடியும் சேர்ந்துதான் பிரைமரி கீ என்று. டிசைன் வியூவில் கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு இரண்டு வரியையும் தேர்ந்தெடுத்து சாவிப் படத்தை க்ளிக் செய்தால் இரண்டின் பக்கத்திலும் சாவி தெரியும். அதன்பின் ஒரே பார்ட்டை ஒரே மாடலுக்கு இரண்டு தடவை சேர்க்க ஆக்சஸ் விடாது. நல்ல பாதுகாப்பு. ஆனால் நம்முடைய 6301 ஒரே வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் வந்தால்? அது நியாயமான இரண்டு வரி, இந்தக் கீ அதைத் தடுத்துவிடும். ஆகவே நமக்கு பார்ட்ஐடி, மாடல்ஐடி, இடம் மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு வரி தனித்துவம் ஆகிறது. உங்கள் விஷயம் வேறாக இருந்தாலும் இதைக் கேட்டுப் பாருங்கள்: இந்த ஜோடி நியாயமாகவே இரண்டாவது தடவை வருமா? வரும் என்றால் எது அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது? அந்த ஃபீல்டு கீயில் சேர வேண்டும்.

மூன்று ஃபீல்டு கீ சுமையாக இருக்கிறது என்று தோன்றினால் இன்னொரு வழி உண்டு, நான் பெரும்பாலும் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். பொருத்தம்ஐடி என்று ஒரு ஆட்டோநம்பரைப் பிரைமரி கீயாக வையுங்கள். அப்புறம் 'இண்டெக்ஸஸ்' ஜன்னலைத் திறந்து ஒரு இண்டெக்ஸ் (ஆக்சஸ் வைத்துக்கொள்ளும் தேடல் பட்டியல்) பெயர் எழுதி அதன் எதிரே பார்ட்ஐடி, அடுத்த இரண்டு வரிகளில் இண்டெக்ஸ் பெயரைக் காலியாக விட்டு மாடல்ஐடியும் இடமும் போட்டு, முதல் வரியில் நின்று 'யூனிக்' என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். இந்த இரண்டாவது பகுதியைச் செய்யாமல் ஆட்டோநம்பரோடு நிறுத்திவிட்டால் ஒரே வரியை நூறு தடவை சேர்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். இன்னொன்று, யூனிக் இண்டெக்ஸில் ஏதாவது ஒரு ஃபீல்டு காலியாக இருந்தால் ஆக்சஸ் அதை நகல் என்று கணக்கில் எடுக்காது. இடம் காலியாக இரண்டு வரி வந்தால் இரண்டும் உள்ளே போய்விடும். எனவே பார்ட்ஐடி, மாடல்ஐடி, இடம் மூன்றுக்கும் 'ரெக்வயர்டு' 'யெஸ்'. முன், பின் என்ற பேச்சே இல்லாத கிளட்ச் கேபிள் மாதிரியானவற்றுக்கு "பொது" என்பதை இடத்தின் டிஃபால்ட் வேல்யூவாக வைத்துவிட்டால் டைப் செய்கிறவருக்கும் தொல்லை இல்லை.

உறவைக் கட்டுவது

'டேட்டாபேஸ் டூல்ஸ்' போய் 'ரிலேஷன்ஷிப்ஸ்' திறந்து மூன்று டேபிளையும் உள்ளே கொண்டுவாருங்கள். பொருத்தம் நடுவில் இருந்தால் பார்க்கத் தெளிவாக இருக்கும். பார்ட்டில் உள்ள பார்ட்ஐடியை இழுத்து பொருத்தத்தில் உள்ள பார்ட்ஐடி மேல் விடுங்கள், வரும் பெட்டியில் 'என்ஃபோர்ஸ் ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி'யை டிக் செய்யுங்கள். மாடலுக்கும் அப்படியே. கோட்டின் ஒரு முனையில் 1, மறுமுனையில் முடிவிலிக் குறி வந்தால் சரி. ஆக்சஸில் மெனி-டு-மெனி என்று தனியாக ஒரு கோடு கிடையாது. ஒன்-டு-மெனி இரண்டு சேர்ந்து நடுவில் சந்தித்தால் அதுதான் மெனி-டு-மெனி. டிக் செய்யாமல் கோடு மட்டும் போட்டால் அது வெறும் படம், இல்லாத பார்ட்டுக்கும் பொருத்தம் எழுதலாம்.

அதன் கீழே இன்னும் இரண்டு டிக் இருக்கும். 'கேஸ்கேட் அப்டேட்' நமக்கு வேண்டியதில்லை, ஆட்டோநம்பர் மாறவே மாறாது. 'கேஸ்கேட் டெலீட்' யோசித்துப் போட வேண்டியது. ஒரு மாடலையோ பார்ட்டையோ அழித்தால் அதன் பொருத்த வரிகளும் தானாக அழியும். பொருத்தத்துக்கு இது பரவாயில்லை, பார்ட்டே இல்லாதபோது பொருத்தம் எதற்கு. பில் வரிகள், கொள்முதல் வரிகள் போன்ற கணக்கு டேபிள்களுக்கு இதை ஒருபோதும் டிக் செய்யாதீர்கள். ஒரு பழைய பார்ட்டை அழிக்கப்போய் போன வருட விற்பனையில் ஓட்டை விழும். பார்ட் நின்றுபோனால் அழிக்காமல் 'நடப்பில்' என்று ஒரு யெஸ்/நோ ஃபீல்டு வைத்து டிக்கை எடுத்துவிடுவது எல்லாவற்றையும் விட நிம்மதி.

எக்செல்லில் ஏற்கெனவே கமா போட்டு வைத்திருந்தால்

பெரும்பாலான கடைகளில் டேட்டா பூஜ்யத்திலிருந்து தொடங்குவதில்லை. ஒரு எக்செல் இருக்கும், அதில் ஒரு நெடுவரிசையில் (காலம், column) "ஸ்ப்ளெண்டர், பல்சர் 150, எக்ஸ்எல் 100" என்று நீளமாக இருக்கும். கையால் பிரிக்க வேண்டாம். எக்செல்லில் அந்த அட்டவணையை 'டேட்டா' மெனு வழியாகப் பவர் கொயரியில் (டேட்டாவைச் சீராக்கும் கருவி) திறந்து, மாடல் காலத்தைத் தேர்ந்தெடுத்து 'ஸ்ப்ளிட் காலம்', 'பை டெலிமிட்டர்', கமா, பிறகு 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' விரித்து 'ரோஸ்' (Rows, வரிகள்) என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து மாடல் இருந்த ஒரு வரி ஐந்து வரியாகப் பிரிந்துவிடும். 'ட்ரிம்' போட்டுக் கமாவுக்குப் பின்னால் உள்ள இடைவெளியையும் நீக்குங்கள், இல்லாவிட்டால் " பல்சர் 150" வேறு, "பல்சர் 150" வேறு என்று ஆகிவிடும்.

இந்த ஷீட்டை ஆக்சஸில் ஒரு தற்காலிக டேபிளாக இம்போர்ட் செய்யுங்கள். அதிலிருந்து மாடல் பெயர்களை மட்டும் எடுத்து, 'யூனிக் வேல்யூஸ்' 'யெஸ்' வைத்த ஒரு கொயரியில் (டேபிளிடம் நாம் கேட்கும் கேள்வி) பாருங்கள். இந்த இடத்தில் கொஞ்சம் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும், ஏனென்றால் ஸ்ப்ளெண்டரே நான்கு விதமாக எழுதப்பட்டிருக்கும். தற்காலிக டேபிளிலேயே எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டு, அதன்பின் வரிகளை இன்னொரு டேபிளில் சேர்க்கும் 'அப்பெண்டு' கொயரி மூலம் மாடல் டேபிளை நிரப்புங்கள். பார்ட் டேபிளையும் இப்படியே. கடைசியில் தற்காலிக டேபிளைப் பார்ட்டோடு பார்ட் நம்பரிலும், மாடலோடு மாடல் பெயரிலும் இணைத்து, கிடைக்கிற இரண்டு ஐடியையும் பொருத்தத்துக்கு அப்பெண்டு செய்யுங்கள். வரி எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். தற்காலிக டேபிளில் இருந்ததை விடப் பொருத்தத்தில் குறைவாக இருந்தால், எங்கோ பெயர் ஒட்டவில்லை அல்லது நகல் வரி இருந்திருக்கிறது. 'ஃபைண்ட் அன்மேட்ச்டு' கொயரி விசர்டு ஒட்டாதவற்றைப் பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும்.

ஃபார்ம்

டேபிளை நேரடியாகத் திறந்து 17, 4, 23 என்று ஐடி எண்களை யாரும் டைப் செய்யப் போவதில்லை. மேலே பார்ட் விவரம், கீழே அது பொருந்தும் வண்டிகளின் பட்டியல், இப்படி ஒரு ஃபார்ம் வேண்டும். பொருத்தம் டேபிளை வைத்து 'கன்டினியுவஸ் ஃபார்ம்' ஒன்று உருவாக்குங்கள். அதில் மாடல்ஐடியை மட்டும் காம்போ பாக்ஸ் (விரியும் பட்டியல்) ஆக்குங்கள்: 'ரோ சோர்ஸ்' மாடல்ஐடியும் மாடல் பெயரும், பெயர் வரிசையில், 'பவுண்டு காலம்' 1, 'காலம் கவுண்ட்' 2, 'காலம் விட்த்ஸ்' 0 செ.மீ., 5 செ.மீ. முதல் காலத்தின் அகலம் பூஜ்யம் என்பதால் பெயர் தெரியும், ஆனால் சேமிக்கப்படுவது ஐடி. 'லிமிட் டு லிஸ்ட்' 'யெஸ்'. புது மாடல் வந்தால் அங்கேயே சேர்க்க 'லிஸ்ட் ஐட்டம்ஸ் எடிட் ஃபார்ம்' என்பதில் மாடல் ஃபார்மின் பெயரைக் கொடுத்துவைக்கலாம். அப்புறம் பார்ட் ஃபார்மை டிசைன் வியூவில் திறந்து, இடது பக்கப் பட்டியலிலிருந்து இந்தப் பொருத்தம் ஃபார்மை இழுத்து உள்ளே போடுங்கள். சப்ஃபார்மின் (உள்ளே போட்ட இந்த ஃபார்மின்) 'லிங்க் மாஸ்டர் ஃபீல்ட்ஸ்', 'லிங்க் சைல்டு ஃபீல்ட்ஸ்' இரண்டிலும் பார்ட்ஐடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ரிலேஷன்ஷிப் முன்பே போட்டிருந்தால் ஆக்சஸ் தானே நிரப்பிவிடும்.

இதே வேலையை மறுபக்கமும் செய்யுங்கள். மேலே மாடல், கீழே பார்ட் காம்போ. இரண்டு ஃபார்மும் ஒரே பொருத்தம் டேபிளில்தான் எழுதுகின்றன, எந்தப் பக்கமிருந்து சேர்த்தாலும் மறுபக்கம் தெரியும். புது வண்டி ஒன்று சந்தைக்கு வந்தால் அதன் பார்ட் பட்டியலை ஒரே மூச்சில் ஏற்ற இந்த இரண்டாவது ஃபார்ம்தான் கைகொடுக்கும்.

சப்ஃபார்மில் இரண்டு பொறிகள். மேலே பார்ட் எதுவும் எழுதாமல் நேராகக் கீழே போய் மாடலைத் தேர்ந்தெடுத்தால் பார்ட்ஐடி காலியாக நின்று பிழை வரும். மேலே ஏதாவது எழுதிவிட்டுக் கீழே இறங்கினால் ஆக்சஸ் முதலில் பார்ட்டைச் சேமித்து, ஐடியைக் கீழே கொடுத்துவிடும். இரண்டாவது, இது மோசமானது: சப்ஃபார்மைப் பொருத்தம் டேபிளில் கட்டாமல், மாடல் டேபிளையும் இணைத்த கொயரியில் கட்டி, மாடல் பெயரைச் சாதாரண டெக்ஸ்ட் பாக்ஸாக வைத்துவிடுவது. ஆக்சஸ் கொயரிகள் பெரும்பாலும் எழுதக்கூடியவை. பையன் ஒருவன் "ஸ்ப்ளெண்டர்" என்றிருப்பதை அழித்துவிட்டு "பல்சர் 150" என்று டைப் செய்தால், இந்த பார்ட்டின் பொருத்தம் மாறாது. மாடல் டேபிளில் ஸ்ப்ளெண்டரின் பெயரே பல்சர் ஆகிவிடும், அதோடு இணைந்த எல்லா பார்ட்டுகளிலும். பெயரைக் காட்டத்தான் வேண்டும் என்றால் அந்தப் பெட்டிக்கு 'லாக்டு' 'யெஸ்' போட்டுவிடுங்கள்.

நகல் வரி சேர்க்கப் பார்த்தால் ஆக்சஸ் ஒரு நீளமான ஆங்கிலச் செய்தியைக் காட்டும், கவுண்டரில் இருப்பவர் பயந்துபோவார். அந்தப் பிழையின் எண் 3022. ஃபார்மின் 'ஆன் எரர்' நிகழ்வில் அந்த எண்ணைப் பிடித்து, முன்பே தமிழில் எழுதி மறைத்துவைத்த ஒரு லேபிளைத் தெரிய வைத்தால் போதும்.

கொயரி: இங்கேதான் பலரும் வழுக்குவது

மூன்று டேபிளையும் கொயரி டிசைனில் போட்டால் கோடுகள் தானாக வரும். மாடல் பெயருக்குக் கீழே 'கிரைட்டீரியா'வில் சதுர அடைப்புக்குள் "எந்த மாடல்?" என்று எழுதினால், ஓட்டும்போது கேட்டு வாங்கிக்கொண்டு பார்ட் பட்டியலைத் தரும். இதுவரை சுலபம்.

கையிருப்பைக் கூட்டும்போது மாட்டிக்கொள்வீர்கள். 6301 பேரிங் 40 இருக்கிறது, பொருத்தத்தில் அதற்கு 5 வரி. மூன்று டேபிளையும் இணைத்துக் கையிருப்புக்கு 'சம்' போட்டால் 200 என்று வரும். கொயரி தவறு செய்யவில்லை, நாம் ஐந்து வரியைக் கொடுத்துவிட்டுக் கூட்டச் சொன்னோம். மொத்த ஸ்டாக் மதிப்பு வேண்டுமென்றால் பொருத்தம் டேபிள் அந்தக் கொயரிக்குள்ளேயே வரக் கூடாது, பார்ட் டேபிள் மட்டும் போதும். "ஸ்ப்ளெண்டர் அல்லது பல்சருக்கான பார்ட்டுகளின் மொத்த ஸ்டாக்" வேண்டுமென்றால் இரண்டு படி: முதல் கொயரியில் அந்த மாடல்களுக்கான பார்ட்ஐடியை மட்டும் 'யூனிக் வேல்யூஸ்' வைத்து எடுத்துச் சேமியுங்கள், இரண்டாவது கொயரியில் அதைப் பார்ட்டோடு இணைத்துக் கூட்டுங்கள். தனித்துவமானவற்றை மட்டும் எண்ணும் வசதி ஆக்சஸின் 'கவுண்ட்'டில் இல்லாததால், எண்ணுவதற்கும் இதே இரண்டு படிதான்.

அடுத்தது, "ஸ்ப்ளெண்டருக்கும் பல்சருக்கும் இரண்டுக்குமே பொருந்தும் பார்ட் எது?" ஸ்டாக் குறைத்து வைக்க நினைக்கும் கடைக்கு மிகவும் வேண்டிய கேள்வி. கிரைட்டீரியாவில் இரண்டு பெயரையும் 'அண்ட்' போட்டு எழுதினால் ஒன்றும் வராது, ஏனென்றால் ஒரே வரியில் மாடல் ஸ்ப்ளெண்டராகவும் பல்சராகவும் இருக்க முடியாது. 'ஆர்' போட்டால் ஏதாவது ஒன்றுக்குப் பொருந்துவதெல்லாம் வந்துவிடும். சரியான வழி இது: முதலில் பொருத்தத்திலிருந்து பார்ட்ஐடி, மாடல்ஐடி மட்டும் 'யூனிக் வேல்யூஸ்' வைத்து ஒரு கொயரி (முன், பின் என்று ஒரே மாடலுக்கு இரண்டு வரி இருக்கலாம் அல்லவா, அதை ஒன்றாக்க). அதன் மேல் இன்னொரு கொயரி, 'டோட்டல்ஸ்' போட்டு பார்ட்ஐடிக்கு 'குரூப் பை', மாடல்ஐடிக்கு 'வேர்' (Where) வைத்து அந்த இரண்டு மாடலின் ஐடி, மாடல்ஐடியையே இன்னொரு முறை கொண்டுவந்து 'கவுண்ட்' வைத்து கிரைட்டீரியாவில் 2. மூன்று மாடல் என்றால் 3. முதல் படியைத் தாண்டிக் குதித்தால், ஸ்ப்ளெண்டரின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் மட்டும் பொருந்தும் பேரிங் 2 என்று எண்ணப்பட்டு உள்ளே வந்துவிடும்.

"ஸ்ப்ளெண்டருக்குப் பொருந்தாத பார்ட்" என்பதும் இதே வகைதான். 'ஸ்ப்ளெண்டர் இல்லை' என்று கிரைட்டீரியா எழுதினால், இரண்டுக்கும் பொருந்தும் பேரிங் தன்னுடைய பல்சர் வரி வழியாக நுழைந்துவிடும். ஸ்ப்ளெண்டருக்குப் பொருந்துவதை ஒரு கொயரியாகச் சேமித்து, பார்ட் டேபிளுக்கும் அதற்கும் இடையே 'ஃபைண்ட் அன்மேட்ச்டு' ஓட்டுங்கள். அதே விசர்டைப் பார்ட்டுக்கும் பொருத்தத்துக்கும் இடையே ஓட்டினால் எந்த வண்டியும் குறிக்கப்படாமல் ரேக்கில் தூங்கும் பார்ட்டுகள் எல்லாம் வெளியே வரும்.

ரிப்போர்ட்டில் மறுபடியும் அந்தக் கமா வரிசை வேண்டும் என்பார்கள், "6301: ஸ்ப்ளெண்டர், பல்சர் 150" என்று. ஆக்சஸில் இதற்கு உள்ளமைந்த ஃபங்ஷன் இல்லை, சின்ன விபிஏ ஃபங்ஷன் எழுத வேண்டும். எழுத விருப்பமில்லை என்றால் மாடல் பெயர்களை ஒரு சப்ரிப்போர்ட்டில் போட்டு அதன் 'பேஜ் செட்டப்'பில் மூன்று, நான்கு காலம் கொடுத்தால் பக்கவாட்டில் வரிசையாக வந்துவிடும், தாளும் மிச்சம்.

சப்ளையரையும் இதிலேயே சேர்க்கலாமா?

கூடாது. ஒரு பார்ட்டைப் பல சப்ளையர் தருகிறார்கள், ஒரு சப்ளையர் பல பார்ட் தருகிறார், இதுவும் மெனி-டு-மெனிதான், ஆனால் வேறு மெனி-டு-மெனி. பொருத்தம் டேபிளில் சப்ளையர்ஐடி என்று ஒரு ஃபீல்டு சேர்த்தால், 5 மாடலும் 3 சப்ளையரும் உள்ள பேரிங்குக்கு 15 வரி எழுத வேண்டும், புது சப்ளையர் ஒருவர் வந்தால் இன்னும் 5. தனித்தனியாக வைத்தால் 5 வரி இங்கே, 3 வரி அங்கே, முடிந்தது. சப்ளையர் எந்த வண்டிக்கு என்று பார்த்து விலை போடுவதில்லை, பார்ட்டுக்குத்தான் விலை போடுகிறார். ஆகவே கொள்முதல்விலை என்று தனி டேபிள்: பார்ட்ஐடி, சப்ளையர்ஐடி, தேதி, விலை. தேதியும் யூனிக் இண்டெக்ஸில் சேர வேண்டும், இல்லாவிட்டால் விலை ஏறும்போது பழைய விலையின் மேலேயே எழுத வேண்டிவரும், போன தீபாவளிக்கு என்ன விலைக்கு வாங்கினோம் என்று பார்க்க வழியிருக்காது.

ஆக்சஸ் இல்லாதவர்களுக்கு லிப்ரேஆஃபிஸ் பேஸ் இலவசம், மேலே சொன்ன மூன்று டேபிள் அமைப்பு அப்படியே அங்கேயும் வேலை செய்யும், ரிலேஷன்ஷிப் ஜன்னல் 'டூல்ஸ்' மெனுவில் இருக்கிறது. ஃபார்ம் செய்யும்போது ஒரு வித்தியாசம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: அங்கே காம்போ பாக்ஸ் திரையில் தெரியும் எழுத்தையே சேமிக்கும், பெயரைக் காட்டி ஐடியைச் சேமிக்க வேண்டுமென்றால் 'லிஸ்ட் பாக்ஸ்' பயன்படுத்த வேண்டும். பிரைமரி கீ இல்லாத டேபிளில் பேஸ் எதையும் எழுத விடாது என்பதால், பொருத்தம் டேபிளின் கீயை முதலிலேயே வைத்துவிட்டுத்தான் ஃபார்ம் பக்கம் போக வேண்டும்.